விழுந்த லப்டொப்பும் 1888 ஆம் ஆண்டுக் கரட்டும்

கம்பஸில் படிக்கிற எங்களுக்கு, லப்டொப் விழுந்து திரை கறுத்தால் முதலில் ஞாபகம் வருவது ஆய்வேடு, அடுத்தது காசு. 2022 இன் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் அதே வருடம் 360 ஐத் தொட்டது. அதற்குப் பிறகு "பனல் மாத்தோணும்" எண்டு கடையில் சொல்லும் ஒரு வசனம் வீட்டின் மாதச் செலவையே குழப்பிவிடும்.

ஆனால் திரை என்பது ஒரே பொருளல்ல. வெவ்வேறு காலங்களில் வந்துசேர்ந்த மூன்று பாகங்கள் அதற்குள் இருக்கின்றன. எது ஏன் வந்தது எண்டு விளங்கினால், விழுந்ததில் எது போயிருக்கும் எண்டும் ஓரளவு கண்டுபிடிக்கலாம்.

முதல் பாகத்தின் கதை கரட்டில் தொடங்குகிறது. 1888 இல் பிராக் நகரில் பிரெட்ரிக் ரைனிட்சர் என்ற ஒஸ்திரியத் தாவரவியலாளர், கரட்டிலிருந்து எடுத்த கொலஸ்ரோலில் செய்த ஒரு சேர்வையைச் சூடாக்கினார். 145.5 பாகை செல்சியசில் அது உருகிக் கலங்கல் திரவமானது, 178.5 பாகையில் தெளிந்தது. ஒரு பொருளுக்கு இரண்டு உருகுநிலையா? குழம்பிய அவர் ஜேர்மனியப் பௌதிகவியலாளர் ஒட்டோ லேமனுக்கு எழுதினார். திரவம் போல ஓடி, பளிங்கு போல ஒழுங்கு காட்டும் அந்த நிலைதான் திரவப் பளிங்கு. 1968 இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்தில் ஜோர்ஜ் ஹெயில்மையரின் குழு அதைத் திரையாக்கிக் காட்டியது. இன்று அது இரண்டு மெல்லிய கண்ணாடிகளுக்கு நடுவே இருக்கிறது. விழுந்த திரையில் மை சிந்தியது போல கறுப்புத் திட்டு தெரிந்தால், அந்தக் கண்ணாடி உடைந்திட்டுது. அப்போது பனல் மாற்றத்தான் வேணும்.

இரண்டாவது, பின்னொளி. திரவப் பளிங்கு தானாக ஒளிராது. வருகிற ஒளியை மறிக்கும் அல்லது விடும். 1985 இல் வந்த தொஷிபா ரி1100 லப்டொப்பில் பின்னொளியே இல்லை. அறை வெளிச்சத்தில்தான் வாசித்தார்கள். ஆகவே கறுத்த திரையில் போன் ரோச்சைச் சரித்து அடித்துப் பாருங்கோ. படம் மங்கலாகத் தெரிந்தால் பளிங்கு வேலை செய்யுது, பின்னொளிதான் வரவில்லை.

மூன்றாவது, கேபிள். 1982 இன் கிரிட் கொம்பஸ் கணினியில் திரை விசைப்பலகையின் மேல் மடிந்தது. திரை மடிய வேணுமெண்டால் வயர் பிணைச்சலைத் தாண்டித்தான் போகவேணும். மூடியை மெதுவாக அசைக்கும்போது படம் வந்து வந்து போனால், கேபிள் கழன்றிருக்கலாம் அல்லது பழுதாகியிருக்கலாம். கழன்றதென்றால் திரும்பச் செருகினாலே போதும்.

இவற்றுக்கு முன்னால் செய்யவேண்டியது ஒன்றுண்டு: எச்.டி.எம்.ஐ. வயரால் டிவியிலோ மொனிட்டரிலோ இணைத்துப் பாருங்கோ. அங்கே படம் வந்தால் உள்ளே கணினி உயிரோடதான் இருக்கு. உடனே ஆய்வேட்டைப் பென்டிரைவில் போடுங்கோ. அங்கேயும் வராவிட்டால் பிழை திரைக்கு அப்பாலும் இருக்கலாம். அதைக் கடையில்தான் பார்க்கவேணும்.

பிறகு கடைக்குப் போகலாம். "திரை போட்டுது" எண்டு சொல்லாமல், "ரோச் அடிச்சா படம் தெரியுது, பின்னொளியைப் பாருங்கோ அண்ணை" எண்டு சொல்லிப் பாருங்கோ. கதை பனல் விலையில் தொடங்காது.