மகள் வாசிக்க, தாய் கேட்க: மலாயாத் தமிழர் வீடுகளில் வாசிப்பின் வரலாறு



'தாயே முதல் ஆசிரியை. வாசிப்புப் பழக்கம் தாயிடமிருந்தே பிள்ளைக்கு வரவேண்டும்' என்று நாம் ஓயாமல் சொல்லி வருகிறோம். அக்கூற்றில் உண்மை உண்டு. ஆயினும் அதைக் கேட்டு மனம் சுருங்கும் தாய்மாரும் நம்மிடையே இருக்கின்றனர். தேசியப் பள்ளியில் மலாய்மொழி வழியாகப் பயின்று, தமிழ் எழுத்தறியாமல் வளர்ந்து, தம் மகளை மட்டும் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பியிருப்பவர்கள் அவர்கள். 'எனக்கே தெரியாததை நான் எப்படிச் சொல்லிக் கொடுப்பது?' என்பது அவர்களின் கேள்வி.

இக்கேள்விக்கான விடை நம் வரலாற்றிலேயே இருக்கிறது என்பது என் கருத்து. மலாயாத் தமிழர் வீடுகள் பலவற்றில் வாசிப்பு தாயிடமிருந்து மகளுக்கு இறங்கி வரவில்லை. மகளிடமிருந்து தாய்க்கு ஏறிச் சென்றது. அவ்வரலாற்றைச் சுருக்கமாக எழுத முற்படுகிறேன்.

இருவகை வீடுகள்

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ், பெயருக்கேற்பச் செங்கற்சூளைகள் இருந்த இடம். 1881-ஆம் ஆண்டில் நெருப்பும் வெள்ளமும் நகரை அழித்தபின், அத்தாப்பு வீடுகளுக்கு மாற்றாகச் செங்கல் வீடுகள் எழும்பின. அதன்பின் இரயில்வே ஊழியர் குடியிருப்பாக அவ்வட்டாரம் வளர்ந்தது. எழுத்தர்களாகவும் நிலைய அதிபர்களாகவும் பணியாற்ற யாழ்ப்பாணத்துத் தமிழர் பலர் அங்கே குடியேறினர். 1904-இல் விவேகானந்தா ஆசிரமத்தை நிறுவியவர்களும் அவர்களே.

யாழ்ப்பாணத்தில் பெண்கல்வி நெடுநாளைய செய்தி. அமெரிக்க மிஷனரிமார் உடுவிலில் பெண்கள் விடுதிப் பள்ளியை 1824-இலேயே தொடங்கிவிட்டனர். சைவப் பெண்களுக்கென்று சர் பொன்னம்பலம் இராமநாதன் 1913-இல் மருதனார்மடத்தில் கல்லூரி கண்டார். ஆகவே பிரிக்பீல்ட்ஸ் வீடுகளுள் சிலவற்றில் தாயே எழுத்தறிந்தவராக இருந்தார். மகளை மடியில் இருத்திப் பாடம் சொல்லித்தர அவரால் இயன்றது.

கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களின் நிலை வேறு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரப்பர் விலை ஏற ஏற, தஞ்சை, திருச்சி, சேலம், வடஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணிமார் வழியாக மக்கள் வந்து சேர்ந்தனர். 1901-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியா முழுவதிலும் எழுத்தறிந்த பெண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஏழைக் கூலிக் குடும்பங்களிலிருந்து வந்த தாய்மாரின் நிலையைச் சொல்லவே தேவையில்லை.

நாம் 'தாயே முதல் ஆசிரியை' என்று சொல்லும்போது, நம்மை அறியாமலேயே முதல் வகை வீட்டை மனத்தில் வைத்துக்கொண்டு சொல்கிறோம். நம் மாணவிகளுள் பெரும்பாலோரின் பாட்டிமார் இரண்டாம் வகை வீட்டிலிருந்து வந்தவர்கள்.

தோட்டப் பள்ளியும் மகளின் குரலும்

1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேருக்குமேல் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்கவேண்டும் என்று விதித்தது. சட்டம் வந்ததே ஒழிய, பள்ளி என்ற பெயருக்குத் தகுந்த பள்ளிகள் குறைவு. கொட்டகையின் ஒரு மூலையில் வகுப்பு நடக்கும். கிராணியோ எழுத்தறிந்த தொழிலாளி ஒருவரோ பாடம் நடத்துவார். அதிலும் பெண்பிள்ளைகளின் படிப்பு எந்நேரமும் அறுந்துபோகக்கூடிய நூலாக இருந்தது. விடியுமுன் தாய் பெரட்டுக்குச் சென்றுவிட, தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள மூத்த மகளே வீட்டில் நிற்கவேண்டும். மூன்றாண்டு, நான்காண்டு படித்ததோடு நின்றவர்கள் மிகப்பலர்.

ஆயினும் அந்த மூன்றாண்டுப் படிப்பு லயத்து வீட்டுக்குள் ஒரு புதிய குரலைக் கொண்டுவந்தது. ஊரிலிருந்து வந்த கடிதத்தை யாரிடமாவது கொண்டுபோய்ப் படிக்கச் சொல்லிக் கேட்ட தாய்க்கு, இப்போது வீட்டிலேயே படிக்க ஆள் இருந்தது. வீட்டுச் செய்தி வீட்டுக்குள்ளேயே இருக்கும் என்பது ஒரு பெண்ணுக்கு எத்தனை பெரிய நிம்மதி என்பதை எண்ணிப் பாருங்கள்.

கடிதத்தை அடுத்து வந்தவை 'பெரிய எழுத்து' நூல்கள். நல்லதங்காள் கதை, அல்லி அரசாணி மாலை போன்றவற்றைச் சென்னைப் பதிப்பகங்கள் மலிவு விலையில், பருத்த எழுத்தில் அச்சிட்டன. அரைகுறையாக எழுத்துக் கூட்டத் தெரிந்தவரும் விளக்கொளியில் உரக்கப் படிப்பதற்கு ஏற்ற நூல்கள் அவை.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்கவேண்டும். அக்கதைகளைத் தாய் ஏற்கெனவே அறிவார். கூத்திலும் பாட்டிலும் ஒப்பாரியிலும் கேட்டுக் கேட்டு நெஞ்சில் பதித்தவர் அவர். மகளுக்கு எழுத்துத் தெரியும், கதை தெரியாது. தாய்க்குக் கதை தெரியும், எழுத்துத் தெரியாது. மகள் ஒரு சொல்லில் தடுக்கி நின்றால், அடுத்து வரவேண்டிய சொல் எதுவென்று தாயால் சொல்ல இயலும். எழுத்தறியாத தாய் வெறும் கேட்பவர் அல்லர். வாசிப்பில் சரிபாதிப் பங்காளி.

தமிழகத்திலிருந்து ஒரு சான்று

குரலும் எழுத்தும் இருவேறு பெண்களிடம் இருந்து, இருவரும் சேர்ந்தபோது நூல் பிறந்ததற்குத் தமிழகத்தில் புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. வை.மு. கோதைநாயகி அம்மாள் 1901-இல் பிறந்தவர். ஐந்தரை வயதில் திருமணம், பள்ளிக்கூடம் சென்றதில்லை. கதை சொல்வதிலோ வல்லவர். முதற்படைப்பான 'இந்திர மோகனா' என்னும் நாடகத்தை அவர் வாயால் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். 1924-இல் அது நூலாயிற்று. மறு ஆண்டே 'ஜகன்மோகினி' இதழின் பொறுப்பை ஏற்று, பல்லாண்டுகள் நடத்தி, 115 நாவல்களை எழுதிக் குவித்தார். 'எழுதத் தெரியாதவர்' என்று ஒதுக்கியிருந்தால், தமிழ்ப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் படித்து மகிழ்ந்த அந்நாவல்கள் இல்லை.

கிள்ளானில் 1941

பெற்றோர் தம் பிள்ளைகளின் கல்வியில் அக்கறையற்றிருந்தனர் என்று தோட்ட மக்களைப் பழிப்பது எளிது. வரலாறு அதை மறுக்கிறது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. அதை முன்னின்று நடத்திய ஆர்.எச். நாதன், 1924-இல் கோலாலம்பூரில் தொடங்கப்பெற்ற 'தமிழ் நேசன்' நாளிதழின் துணையாசிரியராக இருந்தவர். தொழிலாளர்களின் கோரிக்கைகள் கூலி உயர்வோடு நிற்கவில்லை. கள்ளுக்கடைகளை மூடவேண்டும், தோட்டப் பெண்களிடம் முறைதவறி நடப்பதை நிறுத்தவேண்டும், துரைமார் எதிரில் மிதிவண்டியை விட்டு இறங்கவேண்டும் என்னும் இழிவு ஒழியவேண்டும் என்பவற்றோடு, பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. அரசு படைபலத்தால் அப்போராட்டத்தை ஒடுக்கியது, உயிர்ப்பலியும் நேர்ந்தது, நாதன் நாடு கடத்தப்பட்டார்.

கையெழுத்துப் போடத் தெரியாத பெற்றோர் தம் பிள்ளையின் கல்வியைக் கோரிக்கைப் பட்டியலில் சேர்த்தனர் என்பதை நாம் மறத்தலாகாது.

இரண்டாண்டுகளுக்குப்பின், 1943-இல் சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படை உருவாயிற்று. தோட்டத்துப் பெண்களும் நகரத்துப் பெண்களும் ஒரே பாசறையில் நின்றனர். அதன் தலைவி கேப்டன் லட்சுமியின் தாயார் அம்மு சுவாமிநாதன் பள்ளி செல்லாது பதின்மூன்று வயதில் மணம் முடிக்கப்பெற்று, வீட்டிலேயே பாடம் கற்று, பின்னாளில் இந்திய அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக அமர்ந்தவர். அப்படையில் சேர்ந்த இராசம்மா பூபாலன் பின்னாளில் கோலாலம்பூர் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியை ஆனார். ஆசிரியைகளுக்கு ஆண்களுக்கு நிகரான ஊதியம் வேண்டுமென்று போராடினார்.

வாசிப்பு ஏன் அறுந்தது?

போருக்குப்பின் நிலைமை ஓரளவு சீர்பட்டது. 1950-51-இல் 'தமிழ் நேசன்' நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு நடத்தினர். நாளிதழைப் படித்தே எழுதக் கற்றனர் நம் மக்கள். ஞாயிறு மலர்கள் வீட்டுக்கு வீடு சென்றன. அவற்றில் பெண்களும் எழுதலாயினர்.

பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, விற்கப்பட்டன, வீட்டமைப்புத் திட்டங்களாயின. 1957-இல் 800-க்கும் மேலிருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 530-ஐ ஒட்டி நிற்கின்றன. 1972-இல் சுங்கைவே தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கப்பெற்றது. கிள்ளான் பள்ளத்தாக்கெங்கும் தொழிற்சாலைகள் எழுந்தன. தோட்டத்தை விட்ட பெண்கள் அவற்றில் சேர்ந்தனர். பால்மரம் வெட்டிய தாய் அந்தி மயங்கும் வேளையில் வீட்டிலிருந்தார். முறைவேலை பார்க்கும் தாய்க்கு அந்த வேளை இல்லை. மகள் பள்ளியிலிருந்து திரும்பும்போது தாய் பேருந்தில் ஏறிக்கொண்டிருப்பார்.

ஆகவே வாசிப்பு அறுந்ததற்கு அக்கறையின்மையை மட்டும் காரணமாகச் சொல்வது பொருந்தாது. இருவரும் சேர்ந்திருக்கும் ஒரு மணி நேரம் பறிபோனது. 2019-இல் 'தமிழ் நேசன்' நாளிதழும் நின்றுபோயிற்று.

பிற நாடுகள் கண்ட வழி

1982-இல் துருக்கியின் இஸ்தான்புல் நகரில் உளவியல் பேராசிரியர் சிக்தம் காயித்சிபாஷி ஓர் ஆய்வைத் தொடங்கினார். கிராமத்திலிருந்து நகருக்குப் பிழைக்க வந்த, குறைந்த படிப்புடைய தாய்மாருக்கு வீட்டில் பிள்ளையோடு செய்யத்தக்க பயிற்சிகளைக் கற்பித்து, குழுவாகக் கூடிப் பேசவும் செய்தனர். அப்பிள்ளைகள் பிற்காலத்தில் கூடுதல் ஆண்டுகள் பள்ளியில் நிலைத்ததைத் தொடராய்வுகள் காட்டின. தோட்டத்திலிருந்து நகருக்கு வந்த நம் தாய்மாருக்கு இது அந்நியச் செய்தி அன்று.

அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் ஷிரீன் டாட்சன் என்னும் கறுப்பினத் தாய், தம் மகளோடும் பிற தாய்-மகள்களோடும் வாசிப்புக் குழு ஒன்றை அமைத்து, அவ்வனுபவத்தை 1997-இல் நூலாக எழுதினார். பருவ வயதை எட்டும் மகளோடு பேச்சு அறுந்துவிடக் கூடாது என்னும் கவலையே அதற்கு வித்து. மகளைப் பற்றி நேரே கேட்டால் வாய் திறவாத பெண், கதையில் வரும் பெண்ணைப் பற்றிக் கேட்டால் மனம் திறப்பாள்.

தமிழகத்தின் புதுக்கோட்டையில் 1991-இல் எழுந்த அறிவொளி இயக்கம் கல்குவாரியிலும் வயலிலும் உழைத்த பெண்களை எழுத்தறியச் செய்தது. மிதிவண்டி ஓட்டவும் கற்பித்தது. தாய் கற்கும் வயது கடந்துவிட்டது என்பது பொய் என அது மெய்ப்பித்தது.

நாம் செய்யத்தக்கவை

முதலாவதாக, தமிழறியாத தாயிடம் 'சொல்லிக் கொடுங்கள்' என்று கூறுவதை விட்டு, 'கேளுங்கள்' என்று கூறுவோம். நாளைக்கு இருபது நிமிடம் மகள் உரக்க வாசிக்க, தாய் கேட்கட்டும்; 'பிறகு என்ன ஆயிற்று?' என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். நாள்தோறும் இயலாதவர்க்கு ஓய்வுநாள் உண்டு.

இரண்டாவதாக, தாய்க்கோ பாட்டிக்கோ செவிவழி தெரிந்த கதைகளையே முதலில் வாசிக்கக் கொடுப்போம். அங்கே தாய் மாணவி ஆவதில்லை, பங்காளி ஆகிறார்.

மூன்றாவதாக, மாதம் ஒருமுறை ஐந்தாறு இணைகள் பள்ளி நூலகத்திலோ கோவில் மண்டபத்திலோ கூடி ஒரே நூலைப் பற்றிப் பேசலாம். நூலைத் தேர்வதும் கேள்வி எழுப்புவதும் மகள்கள் பொறுப்பாக இருக்கட்டும். வாசித்த நூல்களைக் கணக்குக் காட்டும் நீலாம் குறிப்பேட்டுக்காக அன்றி, பேசுவதற்காக வாசிக்கும் வாய்ப்பு அவர்களுக்கு அங்கே கிட்டும்.

நான்காவதும் முதன்மையானதும் இதுவே: ஆறாம் ஆண்டோடு இதை நிறுத்திவிடக் கூடாது. பன்னிரண்டு வயதில் இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் பெண்ணுக்குத் தமிழ், வாரத்தில் சில பாடவேளைகளாகச் சுருங்கிவிடுகிறது. பலருக்கு அதுவும் இல்லை. அதே வயதில்தான் தாயோடு பேசுவதும் குறைகிறது. அன்று தம்பி தங்கையருக்காகப் பெண்ணின் படிப்பு அறுந்தது. இன்று பள்ளி மாறுவதால் அவளின் தமிழ் வாசிப்பு அறுகிறது. படிவம் ஒன்றில் காலடி வைக்கும் மகளுக்கு, தமிழில் வாசித்துக் காட்ட வீட்டில் ஒருவர் காத்திருக்கிறார் என்னும் எண்ணம் இருக்குமானால், அந்நூல் அறுந்துபோகாது.