பேய்வீட்டுப் படங்களில் பரிகாசம்: ஒரு வரலாற்று நோக்கு

அமெரிக்கத் திரைப்பட வரலாற்றில், பேய்வீட்டுக் கதைகளைப் பரிகசிக்கும் படங்கள் திகில் படங்கள் பெருகி மக்களுக்குச் சலிப்புத் தட்டிய பின்னரே தோன்றின என்னும் அபிப்பிராயம், ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது நிலைபெறுவதில்லை. 1921-இலேயே பஸ்டர் கீட்டன் தமது 'தி ஹாண்டட் ஹவுஸ்' என்ற குறும்படத்தில், கள்ளநோட்டுக் கும்பலொன்று பிறரை அண்டவிடாதிருக்கப் பேய்வேஷம் புனைந்து உலாவும் வீட்டையும், ஏறுபவன் நடுவழியில் இருக்கும்போதே சறுக்குப்பலகையாக மாறிவிடும் மாடிப்படியையும், 'ஃபௌஸ்ட்' நாடகத்தைக் கெடுத்துச் சபையோரால் துரத்தப்பட்ட நடிகர்கள் சைத்தான் வேஷத்தோடே அங்கு வந்து புகுவதையும் காட்டிவிட்டார்.

இதற்குக் காரணம் அக்காலச் சம்பிரதாயத்திலேயே இருந்தது. அந்நாளைய அமெரிக்க மேடையிலும் மௌனப்படத்திலும் பேய் என்பது பெரும்பாலும் சொத்தில் கண்வைத்த மனிதனே. கடைசிக் காட்சியில் அவன் வேஷம் கலையும். ஆகவே அச்சத்தின் முடிவு இயல்பாகவே சிரிப்பாயிற்று. ஜான் வில்லார்டின் 1922-ஆம் ஆண்டு நாடகமான 'தி கேட் அண்ட் தி கானரி'யை, ஜெர்மனியிலிருந்து வந்த பால் லெனி 1927-இல் படமாக்கியபோது, நீண்ட தாழ்வாரத்தில் காற்றிலே அலையும் திரைச்சீலைகளின் பயங்கரத்தையும் பயந்த சுபாவமுள்ள நாயகனின் ஹாஸ்யத்தையும் பிரிக்க முடியாதபடி பிணைத்தார். அதே கதை 1939-இல் மீண்டும் படமானபோது, பாப் ஹோப் ஏற்ற பாத்திரம் ஒரு நடிகன். இத்தகைய கதைகளில் அடுத்து என்ன நிகழும் என்று அறிந்து, அதை முன்கூட்டியே சொல்பவன். பரிகாசம் தன் பொருளை முற்றும் உணர்ந்து பேசத் தொடங்கியது இங்கேதான் என்று கருதுகிறேன்.

இடையில், 1931-இல் வெளிவந்த 'டிராகுலா', அமானுஷ்யத்திற்கு உலகியல் சமாதானம் எதுவும் கூறாமல், பிரேதம் எழுவதை மெய்யென்றே நிறுத்திவிட்டது. வேஷம் கலைவதையே நம்பியிருந்த ஹாஸ்யத்திற்கு இனி இடமேது? இதற்கு உரிய விடை 1948-இல் 'ஆபட் அண்ட் காஸ்டெல்லோ மீட் ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தில் கிடைத்தது. பெலா லுகோசி அங்கே, பதினேழு ஆண்டுகளுக்கு முன் 'டிராகுலா'வில் இருந்த அதே கம்பீரத்துடன், டிராகுலாவாக வருகிறார். அவர் சிரிப்பு மூட்டுவதில்லை. சவப்பெட்டியின் மூடி எழ, அதன்மேல் வைத்த மெழுகுவத்தி நகர, அப்படத்தின் ஹாஸ்ய ஜோடியில் ஒருவரான காஸ்டெல்லோ குரலெழாமல் தவிக்கிறார். அவருடைய கூட்டாளி ஆபட் வந்து பார்க்கும்போதோ யாவும் பழையபடி இருக்கின்றன. அஞ்சுபவன் உண்மையைக் காண்கிறான், அறிவாளியென்று தன்னை எண்ணுபவன் காண்பதில்லை என்ற இந்தத் தலைகீழ் அமைப்பு, இவ்வகைப் படங்களின் மிகச் சிறந்த சிருஷ்டியாகும்.

மெல் புரூக்ஸ் 1974-இல் 'யங் ஃபிராங்கன்ஸ்டைன்' எடுத்தபோது, கறுப்பு வெள்ளையில் எடுக்க முதலில் அணுகிய ஸ்தாபனம் இணங்காமையால் வேறொன்றை நாடினார். 1931-ஆம் ஆண்டு ஃபிராங்கன்ஸ்டைன் படத்திற்காகக் கென்னத் ஸ்டிரிக்ஃபேடன் அமைத்த மின்பொறிகளையே தேடி எடுத்துப் பயன்படுத்தினார். ஒன்றை நேசிக்காதவன் அதை இவ்வளவு சிரத்தையுடன் பரிகசிக்க மாட்டான்.

இதற்கு மாறாக, 2001-ஆம் ஆண்டின் 'ஸ்கேரி மூவி 2' முதலியவை, பிற படங்களின் காட்சிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சிதைப்பதோடு நின்றன. 'பேராநார்மல் ஆக்டிவிடி'யின் அச்சம் முழுவதும், படுக்கையறையில் அசையாது நிற்கும் காமிராவிலும் நிசப்தத்திலும் அடங்கியிருக்க, அதைக் கேலி செய்ய 2013-இல் வந்த 'எ ஹாண்டட் ஹவுஸ்' காமிராவை எடுத்துக்கொண்டது. நிசப்தத்தையோ பேச்சினால் நிரப்பிவிட்டது.