கிளிப்பு கை மாறிப் போச்சுங்க!

போன வருஷம் எங்க அப்பாருக்கு நெஞ்சு படபடப்பு. கிணத்துக்கடவு பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். தாளைப் பார்த்த நர்ஸ் அக்கா, "ஐயா, கிளிப்பு கை மாறிப் போச்சுங்க, இன்னொருக்கா எடுத்துக்கலாமுங்க" என்றார். கையைப் பார்க்கவே இல்லை, தாளைத்தான் பார்த்தார். அது எப்படி? தேடினால் நூறு வருஷக் கதை!

நெதர்லாந்தின் லைடன் நகரில் ஐந்தோவன் ஈ.சி.ஜி. எடுத்த காலத்தில், நோயாளி இரண்டு கைகளையும் இடது காலையும் உப்புத் தண்ணீரில் விட்டு உட்கார வேண்டும். 1905இல் சுமார் 1.5 கி.மீ. தள்ளியிருந்த ஆஸ்பத்திரி நோயாளியின் துடிப்பைத் தொலைபேசிக் கம்பி வழியாகத் தன் ஆய்வகத்தில் பதிவு செய்தார். 1924இல் அவருக்கு நோபல் பரிசு.

இரண்டு கைகளுக்கும் நடுவே பதிவாகும் கோடுதான் லீட் 1. கிளிப்பு கை மாறினால் அது தலைகீழாகிவிடும். அக்கா பார்த்தது இதைத்தான். இதயம் வலப்பக்கம் இருப்பவர்களுக்கும் இப்படி வரும். ஆனால் அவர்களுக்கு நெஞ்சில் எடுக்கும் கோடுகளும் மாறியிருக்கும்.

நெஞ்சில் ஒட்டும் இடங்களை 1938இல் அமெரிக்க, பிரிட்டிஷ் இதய மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து வரையறுத்தன. இங்கே சரிபார்ப்பது விரல்தான். நடுமார்பெலும்பின் மேட்டைத் தடவினால் பக்கத்தில் இரண்டாவது விலா. அங்கிருந்து எண்ணி நாலாவது இடைவெளியில் முதல் இரண்டு ஒயர்.

பிறகு கருவி உடம்போடு நடக்க ஆரம்பித்தது. 1940களின் கடைசியில் அமெரிக்காவின் நார்மன் ஹோல்டர் சுமார் 38 கிலோ கருவியை முதுகில் சுமந்தார்! இன்று சட்டைப்பைக்குள் அடங்குகிறது. நடக்கிறவர் கை காலில் ஒயர் நிற்காது என்பதால் 1966இல் மேசனும் லைக்கரும் அவற்றை மார்புக்கும் இடுப்புக்கும் மாற்றினார்கள். இடம் மாறினால் கோடும் கொஞ்சம் மாறும். அதனால் எங்கே ஒட்டினோம் என்று தாளில் எழுத வேண்டும்.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்கிறீர்களா? கோவை டாக்டர் தாமஸ் அலெக்சாண்டர் முன்னின்று நடத்திய தமிழ்நாடு ஸ்டெமி திட்டத்தில், சின்ன ஆஸ்பத்திரியில் எடுத்த ஈ.சி.ஜி. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனது. 2,420 மாரடைப்பு நோயாளிகளைப் பற்றிய அதன் ஆய்வு 2017இல் வெளியானது. ஒரு வருஷத்துக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்திருந்தார்கள்.

தூரத்து டாக்டருக்கு நோயாளியின் நெஞ்சு தெரியாது, கோடு மட்டும்தான் தெரியும். அந்தக் கோட்டை நம்பலாமா என்பது இங்கே விலா எண்ணுகிற விரலில் இருக்கிறது.

அப்பாரு இப்போது நன்றாக இருக்கிறார். அடுத்த முறை நர்ஸ் விலாவை எண்ணும்போது, "சீக்கிரம் ஆகட்டுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள் :-)