பலன் தராத பழக்கத்தை மூளை விட மறுப்பது ஏன்? செரோடோனின் ஏற்பிகளின் பங்கு என்ன?

'மகிழ்ச்சி ஹார்மோன்' என்ற பட்டம் செரோடோனினுக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆனால் அதற்கு வேறொரு முக்கியமான வேலையும் உண்டு. நேற்று வரை பலன் தந்த வழி இன்று பலன் தரவில்லை என்றால், அதை விட்டுவிட்டு வேறு வழிக்கு மாற மூளைக்கு அது உதவுகிறது.

இதற்கு வலுவான சான்று 2004-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மார்மோசெட் குரங்குகளுக்குத் திரையில் இரண்டு உருவங்களைக் காட்டினார்கள். ஒன்றைத் தொட்டால் பரிசு, மற்றதைத் தொட்டால் ஒன்றும் கிடையாது. குரங்குகள் அதைக் கற்றுக்கொண்டதும் விதியைத் தலைகீழாக மாற்றினார்கள். மூளையின் முன்பகுதியில் செரோடோனின் குறைக்கப்பட்ட குரங்குகள், பரிசு நின்ற பிறகும் பழைய உருவத்தையே திரும்பத் திரும்பத் தொட்டன. முதலில் கற்றுக்கொள்வதில் அவற்றுக்குச் சிக்கல் இல்லை. கற்றதை விடுவதுதான் முடியவில்லை.

அப்படின்னா செரோடோனினைக் கூட்டினால் போதுமா? அவ்வளவு சுலபம் இல்லை. நரம்பு செல்களில் உள்ள ஏற்பி என்ற புரதத்தில் செரோடோனின் போய் ஒட்டினால்தான் செல்லுக்குள் சமிக்ஞை கிளம்பும். அந்த ஏற்பிகளில் குறைந்தது 14 ரகங்கள் உண்டு. எல்லாம் ஒரே வேலையைச் செய்வதில்லை.

2008-ல் எலிகளிடம் நடந்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. 2ஏ ரக ஏற்பியை மருந்தால் அடைத்தபோது, எலிகள் புதிய விதிக்கு மாறத் தடுமாறின. 2சி ரகத்தை அடைத்தபோதோ, வழக்கத்தைவிட நன்றாகவே மாறின. ஒரே ரசாயனம், இரண்டு ஏற்பிகள், நேரெதிர் விளைவு! எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்திவிட முடியாது என்பது வேறு விஷயம்.

இதெல்லாம் நமக்கு எதற்கு? ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோயில், கை சுத்தம்தான் என்று தெரிந்தும் கழுவுவதை நிறுத்த முடியாது. அதற்குத் தரப்படும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைகள், செரோடோனினை நரம்பு செல்கள் மீண்டும் உறிஞ்சிக்கொள்வதைச் சில மணி நேரத்திலேயே தடுக்கத் தொடங்கிவிடும். ஆனால் முழுப் பலன் தெரிய 8 முதல் 12 வாரங்கள்கூட ஆகலாம். செரோடோனின் சுரக்கும் செல்களின் மீதே 1ஏ என்ற ஏற்பி இருக்கிறது. அது பிரேக் மாதிரி. செரோடோனின் கூடியதும் அது சுரப்பைக் குறைக்கும். அந்தப் பிரேக் தளர்வதற்குத்தான் வாரக்கணக்கில் ஆகிறது என்பது பரவலாக ஏற்கப்படும் விளக்கம். "ரெண்டு வாரமாச்சு, ஒண்ணும் தெரியல" என்று மாத்திரையை நிறுத்துபவர்கள் பலன் வரும் முன்பே விலகிவிடுகிறார்கள். டாக்டரைக் கேட்காமல் திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், பதற்றம், தூக்கக் கோளாறு வரலாம்.

ரத்தத்தில் செரோடோனின் அளவைப் பார்க்கும் பரிசோதனையும் இருக்கிறது. எண் கையில் கிடைத்தால் நமக்கெல்லாம் ஒரு நிம்மதி! ஆனால் உடலின் செரோடோனினில் சுமார் 90% குடலில்தான் உருவாகிறது. அது மூளைக்குள் நுழையாது. அந்தப் பரிசோதனை முக்கியமாகச் சிலவகைக் கட்டிகளைக் கண்டறியப் பயன்படுவது. மூளையில் எந்த ஏற்பி எப்படி வேலை செய்கிறது என்பதை அந்த ரிப்போர்ட் சொல்லாது.