பாத்திரத்தில் வெட்டிய பெயரும் ஏலாக்குறிச்சி முனிவரும்



கொஞ்சம் நீளமான பதிவு. படிக்கும் முன் அடுக்களையில் இருக்கிற பழைய எவர்சில்வர் தூக்கோ சம்படமோ ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விளிம்பில் யாருடைய பெயராவது வெட்டியிருக்கும். உற்றுப் பாருங்கள், அந்த எழுத்தில் கோடு என்று ஒன்று கிடையாது. அத்தனையும் புள்ளி.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நம் முன்னோர் புள்ளிக்குப் பயந்தவர்கள். ஓலையில் எழுத்தாணியை அழுத்திப் புள்ளி வைத்தால் ஓலை பொத்துப் போகும். மெய்யெழுத்துக்குப் புள்ளி வேண்டும், எகரம் ஒகரம் என்ற குறில்களுக்கும் புள்ளி வேண்டும் என்பது தொல்காப்பியர் காலத்து விதி. விதி ஏட்டில் இருந்தது, புள்ளிதான் ஏட்டில் இல்லை! கங்கைகொண்ட சோழபுரம் போகிறவர்கள் கல்வெட்டைப் பாருங்கள், அங்கும் பெரும்பாலும் புள்ளியைக் காண முடியாது. புள்ளி இல்லையென்றால் 'எரி'யும் 'ஏரி'யும் ஒன்றுபோலத்தான் இருக்கும். இடம் பார்த்துப் படித்துக்கொள்ள வேண்டியதுதான். ஏரித் தண்ணீரை நம்பி வெள்ளாமை வைக்கிற நம் பக்கத்தில் அது சின்னக் குழப்பமா?

அதைத் தீர்த்தவர் நம் மாவட்டத்துக்காரர் என்றே நான் வகுப்பில் சொல்லுவேன். இத்தாலியில் 1680இல் பிறந்த பெஸ்கி பாதிரியார், நமக்கு வீரமாமுனிவர். கொள்ளிடத்துக்குப் பக்கத்தில் ஏலாக்குறிச்சியில் தங்கித் தமிழ்ப்பணி செய்தவர். அந்த ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயர் சூட்டிக் கலம்பகமும் பாடினார். குறிலுக்குப் புள்ளி வைப்பதை விட்டுவிட்டு நெடிலின் வடிவத்தை மாற்றினார். ஏ என்பதற்குக் கீழே ஓர் இழுப்பு, ஓ என்பதற்கு ஒரு சுழி, கே என்பதற்கு இரட்டைக் கொம்பு. ஓலையில் சுழிக்கலாம், குத்தக் கூடாது என்பதை அவர் எழுதிப் பார்த்தே தெரிந்துகொண்டிருப்பார் என்பது என் எண்ணம்.

எழுத்தை வைத்து விளையாடுவது நமக்குப் புதிதில்லை. தேர், பாம்பு, முரசு வடிவங்களில் எழுத்துகளை அடைத்துப் பாடும் சித்திரக்கவி பெரிய புலவர்களின் விளையாட்டு. பாத்திரக்கடை வாசலில் உட்கார்ந்து பெயர் வெட்டியவருடையது நம் வீட்டு விளையாட்டு. சின்ன உளி, சின்னச் சுத்தியல், டக் டக் டக். எழுத்துக்கு இவ்வளவு என்று காசு. மெய்யெழுத்தின் புள்ளிக்கும் காசு உண்டா என்று என் அப்பா பேரம் பேசியதை நான் கேட்டிருக்கிறேன். அதனாலோ என்னவோ பல பாத்திரங்களில் ஒற்றின் தலை மொட்டையாகவே இருக்கும். பிறகு மின்சார ஊசி வந்தது, எழுத்து இன்னும் பொடியானது. கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் இரவல் போன அண்டா திரும்பி வர வேண்டுமானால் பெயர் வேண்டும். சீர் வரிசையில் யார் என்ன வைத்தார்கள் என்பதற்கும் அதுவே பதிவேடு.

1978 அக்டோபரில் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தபோது நான் ஆசிரியப் பயிற்சியில் இருந்தேன். பெரியார் 1935லிருந்தே குடி அரசில் பயன்படுத்தி வந்த மாற்றம், அவர் நூற்றாண்டையொட்டி எம்.ஜி.ஆர். ஆட்சியில் சட்டமாயிற்று. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துகள் மாறின. பழைய லையில் யானைத் துதிக்கை மாதிரி ஒரு வளைவு ஒட்டிக்கொண்டிருக்கும். இந்தப் போனில் அதை அடித்துக் காட்ட வழியில்லை. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் புதியதுதான் சுலபம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் என் அம்மா பள்ளிக்கூடம் போகாதவர். அவர் பெயரில் ஒரு லை உண்டு. சீராக வந்த பித்தளைக் குடத்தில் இருந்த அந்த வடிவம் ஒன்றுதான் அவர் அறிந்த எழுத்து. தெருக்குழாயில் பத்துக் குடம் வரிசையில் நின்றாலும் துதிக்கையைத் தடவிப் பார்த்துத் தம்முடையதை எடுத்துவிடுவார். முதல் சம்பளத்தில் எவர்சில்வர் குடம் வாங்கி, புது லை போட்டு அவர் பெயரை வெட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது யார் பேருப்பா?" என்றார். படித்துக் காட்டியதும் சிரித்தார். ஆனாலும் தண்ணீருக்குப் போகும்போது பித்தளைக் குடம்தான்.

உங்கள் வீட்டுப் பாத்திரத்தில் அண்ணாமலை, இளையபெருமாள் மாதிரிப் பெயர் இருந்தால் லை, ளை இரண்டையும் கவனியுங்கள். கை, தை போல முன்கொம்பு இருந்தால் அது பெரும்பாலும் 1978க்குப் பிந்தியது, அல்லது சுயமரியாதைக்காரர் வீட்டுப் பொருள். துதிக்கை இருந்தால் பழசு என்று உடனே முடிவு கட்டாதீர்கள். கை பழகிய வெட்டுக்காரர்கள் அதற்குப் பிறகும் பழையபடியே வெட்டினார்கள்.

பழைய பாத்திரத்தை எடைக்குப் போடுமுன் பெயரைப் படம் எடுத்து இங்கே பின்னூட்டத்தில் போடுங்கள். அம்மாவின் குடத்தை முதலில் நான் போடுகிறேன்.