178 பேர் போட்ட ஓட்டு... பிரெஞ்சு ஆட்சி முடிஞ்ச கதை! புதுச்சேரியின் கீழூர் கிராமத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

புதுச்சேரின்னாலே கடற்கரைச் சாலை, மஞ்சள் சுவர் கட்டடங்கள், பிரெஞ்சுப் பெயர் கொண்ட வீதிகள்தான் நினைவுக்கு வரும். ஆனால் 280 ஆண்டு பிரெஞ்சு ஆட்சிக்கு முடிவு கட்டிய வாக்கெடுப்பு அந்த வீதிகள் எதிலும் நடக்கவில்லை. வயல்களுக்கு நடுவே இருக்கும் கீழூர் என்ற சின்னக் கிராமத்தில்தான் நடந்தது.

கீழூர் எங்கே இருக்கு?

புதுச்சேரி நகரிலிருந்து மேற்கே வில்லியனூரைத் தாண்டிப் போனால், தமிழ்நாட்டு எல்லைக்குப் பக்கத்தில் வருகிறது கீழூர். இப்போது வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்தில் சேர்ந்தது. நெல்லும் கரும்பும் விளையும் பகுதி.

வரைபடத்தில் பார்த்தால் புதுச்சேரி ஒரே துண்டாக இருக்காது. சுமார் 293 சதுர கிலோமீட்டர் பரப்பு, தமிழ்நாட்டு ஊர்களுக்கு இடையில் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது. பஸ்ஸில் போகும்போது 'தமிழ்நாடு வரவேற்கிறது' பலகையும் 'புதுச்சேரி' பலகையும் மாறி மாறி வருவது இதனால்தான்.

இதற்குக் காரணம் பழைய வரலாறு. 1674-ல் பிரெஞ்சுக்காரர்கள் கடலோரத்தில் காலூன்றினார்கள். உள்நாட்டு ஊர்கள் பிறகு வெவ்வேறு காலத்தில் அவர்கள் கைக்கு வந்தன. உதாரணமாக, வில்லியனூர், பாகூர் பகுதிகள் 1749-ல் சந்தா சாகிப் கொடுத்தவை. அதன் பிறகு ஆங்கிலேயர்கள் புதுச்சேரியைப் பலமுறை பிடித்தார்கள், திருப்பியும் கொடுத்தார்கள். கடைசியாக 1816-ல் அது பிரான்ஸ் வசம் போனது.

1947-க்குப் பிறகு என்ன ஆச்சு?

இந்தியா விடுதலை பெற்றபோது புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், சந்திரநாகூர் ஆகிய ஐந்தும் பிரான்ஸிடமே இருந்தன. மக்கள் விருப்பப்படி முடிவெடுக்கலாம் என்று 1948 ஜூனில் இரு நாடுகளும் ஒத்துக்கொண்டன. வங்காளத்தில் உள்ள சந்திரநாகூரில் 1949 ஜூனில் பொது வாக்கெடுப்பு நடந்தது. மக்கள் இந்தியா பக்கம் நின்றார்கள். மற்ற நான்கு பகுதிகளில் அப்படி ஒரு வாக்கெடுப்பு நடக்கவே இல்லை.

போராட்டமோ ஏற்கெனவே சூடுபிடித்திருந்தது. 1936 ஜூலை 30-ல் 8 மணி நேர வேலை உள்ளிட்ட கோரிக்கைகளுக்காகப் போராடிய பஞ்சாலைத் தொழிலாளர்கள் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தத் தொழிலாளர் இயக்கத்தை வழிநடத்திய வ.சுப்பையா, பிற்பாடு விடுதலைப் போராட்டத்திலும் முன்னால் நின்றார்.

1954-ல் காட்சி மாறியது. பிரெஞ்சு நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த எதுவார் குபேர், மார்ச் மாதம் இணைப்பு ஆதரவாளர்கள் பக்கம் வந்தார். அந்த மாதக் கடைசியில் நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடி ஏறியது. ஏனாமும் மாஹேயும் ஜூன், ஜூலையில் பிரெஞ்சு நிர்வாகத்திலிருந்து விலகிவிட்டன. மிச்சம் இருந்தது புதுச்சேரியும் காரைக்காலும்தான்.

மக்கள் ஏன் நேரடியாக ஓட்டுப் போடலை?

பிரான்ஸுக்கு ஒரு சட்டச் சிக்கல் இருந்தது. 1946-ம் ஆண்டு பிரெஞ்சு அரசியல் சட்டத்தின் 27-வது பிரிவுப்படி, அங்கு வாழும் மக்களின் சம்மதம் இல்லாமல் எந்த நிலப்பகுதியையும் விட்டுக்கொடுத்தால் அது செல்லாது. இன்னொரு பக்கம், பொது வாக்கெடுப்பே வேண்டாம், நேரடியாக இணைக்கணும் என்பது இணைப்பு ஆதரவாளர்கள் நிலைப்பாடு.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடிக்கப்பட்டது. மக்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்ற, நகராட்சி உறுப்பினர்கள் மக்கள் சார்பில் ஓட்டுப் போடுவார்கள் என்று முடிவானது. அதற்கான இடம், எல்லையோரக் கீழூர்.

அக்டோபர் 18, 1954

அன்று திங்கட்கிழமை. கீழூரில் 178 உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டார்கள். இணைப்புக்கு ஆதரவு 170, எதிர்ப்பு 8. அதாவது 95 சதவீதத்துக்கும் மேல் ஆதரவு. கீழூர் மக்கள் உட்பட பொதுமக்கள் யாருக்கும் அன்றைக்கு நேரடி ஓட்டு கிடையாது.

மூன்றே நாளில், அக்டோபர் 21-ல், டெல்லியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. பிரான்ஸுக்கு எதிராக அல்ஜீரியாவில் விடுதலைப் போர் வெடித்ததும் அதே நாளில்தான்.

அப்போ ஆகஸ்ட் 16 எதுக்கு?

1954-ல் கைமாறியது நிர்வாகம் மட்டும்தான். சட்டப்படி உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் 1956 மே 28-ல் கையெழுத்தானது. ஆனால் அல்ஜீரியப் போர் நடந்த காலம் முழுக்க பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் தள்ளிக்கொண்டே போனது. 1962 ஜூலையில் அல்ஜீரியா விடுதலை பெற்றது. அதே மாதம் இதற்கும் ஒப்புதல் கிடைத்தது. 1962 ஆகஸ்ட் 16-ல் ஆவணங்கள் பரிமாறப்பட்டு, புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. கிட்டத்தட்ட 8 வருஷக் காத்திருப்பு!

அடுத்த ஆண்டு ஜூலை 1-ல் யூனியன் பிரதேசம் ஆனது. குபேர் முதல் முதலமைச்சரானார்.

இன்னைக்கும் தொடரும் தாக்கம்

கீழூரில் ஓட்டுப் போட முடியாத மக்களுக்கு, 1962-ல் வேறொரு முடிவெடுக்கும் வாய்ப்பு வந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புபவர்கள் 6 மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றது ஒப்பந்தம். எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகத் தொடர்ந்தார்கள். மற்றவர்கள் இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். 'சொல்தா' என்று ஊரில் அழைக்கப்படும் பிரெஞ்சு ராணுவ ஓய்வூதியர் குடும்பங்களும், பிரான்ஸ் அதிபர் தேர்தலில் புதுச்சேரியில் இருந்தபடியே ஓட்டுப் போடுபவர்களும் இன்றும் இருக்க இதுவும் ஒரு காரணம்.

நவம்பர் 1 புதுச்சேரி விடுதலை நாளாகக் கொண்டாடப்படுகிறது. ஆகஸ்ட் 16-ல் கீழூர் நினைவிடத்தில் கொடியேற்றம் நடக்கும். மற்ற நாட்களில் அந்தப் பக்கம் கூட்டம் அதிகம் இருக்காது. புதுச்சேரிக்கு அடுத்த முறை டூர் போகிறவர்கள், பீச்சோடு திரும்பாமல் வில்லியனூர் ரோட்டில் கொஞ்சம் மேற்கே போனால், அந்த 178 ஓட்டு விழுந்த ஊரைப் பார்த்துவிட்டு வரலாம்.