மலிவு என்பதால் பிடிபட்ட மணிக்கூடு



எங்கள் வீட்டு ஷோகேஸுக்கு மேலே இருக்கிற பழைய மணிக்கூட்டைக் கண்டவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இது பெரிய விலையா சேர்?" என்பதுதான். இல்லை. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் செய்த இந்த வகை மணிக்கூடுகள் பிறக்கும்போதே மலிவாகப் பிறந்தவை. ஏராளமாகச் செய்ததால் இன்றும் நம் கைக்கு எட்டுகின்றன.

முன்பெல்லாம் கைவினைஞர் ஒருவர் பல்சக்கரங்களை ஒவ்வொன்றாக அராவி எடுக்க வேண்டும். ஈலை டெரி என்பவர் ஆற்று நீரால் ஓடும் இயந்திரங்களை வைத்து, 1810 அளவில் 4000 மணிக்கூடுகளுக்கான மரச் சக்கரங்களைச் செய்து முடித்தார். 1816இல் தட்டின் மேல் வைக்கும் சிறிய மணிக்கூட்டுக்குக் காப்புரிமையும் எடுத்தார்.

ஆனால் மரம் ஈரத்தில் ஊதும். மாரி காலத்தில் கதவு இறுகுவதைப் பார்க்கிற நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. அதனால் அவற்றைக் கப்பலில் அனுப்புவது வீண் வேலை. டெரியிடம் வேலை செய்த சோன்சி ஜெரோம், 1830களின் இறுதியில் பித்தளைத் தகட்டில் சக்கரம் வெட்டும் வழிக்கு வந்தார்.

1842இல் இங்கிலாந்துக்கு அனுப்பினார். இவ்வளவு மலிவாக மணிக்கூடு இருக்கவே முடியாது, வரியைக் குறைக்கப் பொய் விலை போட்டிருக்கிறார்கள் என்று சுங்கத்துக்குச் சந்தேகம். சட்டப்படி, எழுதிய விலையோடு நூற்றுக்குப் பத்து சேர்த்துக் கொடுத்துச் சரக்கைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். ஜெரோமுக்கு அலையாமலே விற்பனை! அடுத்த சரக்குக்கும் அதே கதை. அதன் பிறகுதான் உண்மை விளங்கி விட்டுவிட்டார்கள். இதை அவரே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

அந்த மனுசன் 1856இல் வங்குரோத்து ஆனார். காரணம் யார் என்று அவரும் காட்சிச்சாலைக்காரர் பார்னமும் மாறி மாறிக் குற்றம் சொன்னார்கள். வகுப்பில் சண்டைபிடித்த இருவரை விசாரித்த பழக்கத்தில் சொன்னால், இருவரிலும் பிழை இருக்கும் போலத்தான் படுகிறது. 1868இல் ஜெரோம் ஏழையாகவே மௌத்தானார்.

1880களில் செத் தோமஸ் கம்பனி மரப்பெட்டிக்குச் செலுலாயிட் ஒட்டிக் கறுப்பு மார்பிள் போலக் காட்டியது. பார்த்தால் கல், தூக்கினால் மரம். மார்பிள் என்று யாராவது விலை சொன்னால், முதலில் தூக்கிப் பாருங்கள்.

வீட்டில் பழையது கிடந்தால் பெட்டிக்குள்ளும் பின்பக்கமும் பாருங்கள். செய்தவர் பெயரோடு கடதாசி ஒட்டியிருக்கலாம். ஈரத்துணியால் துடைத்துவிடாதீர்கள். ஓடவில்லை என்று உள்ளே இருப்பதைக் கழற்றி எறிந்து பற்றரி மெஷின் பூட்டவும் வேண்டாம். எங்களுடையதில் யாரோ அதைத்தான் செய்திருந்தார்கள். பழைய பித்தளைச் சக்கரங்களை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.